சாமி லைட்டும் செத்த பேட்டரியும்

அன்புள்ள தைலம்மாளுக்கு,

ஜெய்சல்மரிலிருந்து பக்கிரி எழுதுவது. நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? மாமியாருக்கு என் கும்பிடு.

போன வெள்ளிக்கிழமை ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. கம்பெனி ஜீப்பைப் பாலைவனத்து ஷெட்டில் மூன்று நாள் நிறுத்தியிருந்தேன். ஆபீஸ் வண்டி இறக்கிவிட்டுப் போனபின் தனியே சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டரையே ஒற்றைக் கையால் தள்ளிக் கிளப்பியவன் நான். மணலில் ஜீப் ஒரு சாண் நகரவில்லை. போனில் டவர் இல்லை, தண்ணீர் அரை பாட்டில். வெயில் இருநூறு டிகிரி இருக்கும். நான் பயப்படவே இல்லை. உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நாலு மணி நேரம் கழித்துத் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் எழிலன், சிதம்பரத்துக்காரன். தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஜீப்பைக் கிளப்பினான்.

"இன்னா மாமா, சாவிய எடுத்தும் ஜீப்புல நடராஜர் படத்து லைட்டு எரியுது! பேட்டரிலேந்து நேரா ஒயர் இழுத்தது யாரு?"

"நான்தாண்டா. சாமிய இருட்டுல வெக்கலாமா?"

"அதான் மூணு நாளா பேட்டரிய உறிஞ்சிடுச்சி. சாமிக்கு இருட்டு புதுசா மாமா? நீ போயிருந்தா அக்கா வூடுதான் இருட்டாயிருக்கும்."

அந்த ஒயரை நானே பிடுங்கிவிட்டேன்.

நம் வீட்டுத் தண்ணீர்க் கூஜாவை அனுப்பு. இங்கேயும் விற்கிறார்கள், ஆனாலும் அதையே அனுப்பு. போனில் குரல் காட்டிக்கொடுக்கும் என்றுதான் எழுதினேன். வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். வண்டியில் இனி விளக்கு இல்லை. நீ வீட்டில் ஒன்று ஏற்றி வை.

பக்கிரி