தோட்டின் முதுகில் ஓர் ஊசிப்புள்ளி

அக்கா,

நகை செய்கிற பத்தர் பட்டறையில் உருகிய அரக்கின் வாசனை இன்னும் என் புடவைத் தலைப்பில் இருக்கிறது. துவைக்கப் போடாமல் மடித்து வைத்திருக்கிறேன். அடிபிடித்த வெல்லப்பாகும் அணைந்துபோன குங்கிலியமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அந்தப் புகைக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இருபத்திரண்டு வருஷமாக உன்மேல் நான் வைத்திருந்த ஒரு சந்தேகம் உடைந்தது. நீ இருந்திருந்தால் அப்படியே திருப்பனந்தாளுக்குப் பஸ் ஏறி, வாசல்படியில் நிறுத்திக் கேட்டிருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

உன் வருஷத் திதி முடிந்த மறுவாரம் உன் மகள் பூரணி திருவையாற்றுக்கு என்னைப் பார்க்க வந்தாள். வெள்ளைத் துணியில் முடிந்த உன் கெம்புத் தோட்டை என் கையில் வைத்தாள். ஒரு கல் ஆடுகிறது, உங்களுக்குத் தெரிந்த பத்தர்தான் கைசுத்தம், நீங்கள் பக்கத்தில் இருந்து சரிசெய்து வாங்கித் தாருங்கள் சித்தி என்றாள். சரி என்றேன். பீரோவைத் திறந்து என் தோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன். என்னுடையதிலும் ஒரு கல் மங்கியிருக்கிறது என்று அவளிடம் காரணம் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. நாலு தோடும் ஒரே பலகையில் இருந்தால், எது அம்மாவுடையது, எது புதிது என்று பத்தர் சொல்லிவிடுவார். உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். போய்ச் சேர்ந்தவளைப் பிடித்து என்ன செய்யப் போகிறாய் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவின் தோட்டை அவள் காதில் பார்த்த நினைவு உனக்குத்தான் உண்டு. எனக்கு அது பஞ்சுக்குள் உறங்குகிற பொருளாகத்தான் தெரியும். நடுவில் ஒரு சிவப்புக்கல், சுற்றிலும் ஆறு. பின்பக்கம் முழுக்கப் பொன்னால் மூடிய கட்டடம். எனக்கு எட்டு வயசு, உனக்குப் பதினாறு. அந்த வருஷம் தீபாவளி கழிந்ததும் வலது காதுத் தோட்டில் இரண்டு கல் கறுத்தது. கார்த்திகையில் அப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் அப்பாவைப் பேசியதைவிடக் கல்லைத்தான் அதிகம் பேசினார்கள். மாணிக்கம் சூரியனுடைய கல், வீட்டுத் தலைவனுக்கு ஆகாதது வரும் என்றால் முன்கூட்டியே முகம் கறுக்கும் என்றார்கள். அன்றைக்குக் கழற்றிய அம்மா பிறகு அதைத் தொடவே இல்லை. "கல்லு முன்னாடியே சொல்லிச்சு. நான்தான் கேக்கல" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் காரியம் முடிந்து மாமா பாகம் வைத்தார். தோடு ஆளுக்கு ஒன்று. என் மோதிரத்தையும் உன் வளையலையும் அழித்து ஆளுக்கு ஒரு புதுத்தோடு செய்து ஜோடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஜோடியைப் பிரிக்காதீர்கள், அம்மாவையே இரண்டாக வெட்டுகிற மாதிரி இருக்கிறது என்றேன். மாமா காதில் வாங்கவில்லை. நீ வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அழாதடி, பாத்துக்கலாம்" என்றாய். அவ்வளவுதான்.

கும்பகோணத்துப் பத்தரிடம் நீ மட்டும் போனாய். நானும் வருகிறேன் என்றதற்கு, நடவு நேரத்தில் இரண்டு பேரும் எதற்கு என்று தட்டிவிட்டாய். எனக்கு அங்கேயே உறுத்தியது. இருபது நாள் கழித்து ஒரு ஜோடியை என் கையில் கொடுத்தாய். இரண்டும் பளபளவென்று இருந்தன. கறுத்த கல் ஒன்றுகூட இல்லை. அம்மா தோடு இதில் எது என்றேன்.

"பாத்துத் தெரியலைன்னா, கேட்டு என்ன பண்ணப் போற?" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முள் தைத்தது. அம்மாவுடையது இரண்டையும் நீ வைத்துக்கொண்டு, புதிசாய்ச் செய்த இரண்டை என் தலையில் கட்டிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். வாய்விட்டு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை ஒருநாளோடு போயிருக்கும். மனசுக்குள் வைத்துக்கொண்டதால் அதற்கு வயசு ஏறிக்கொண்டே போயிற்று.

நான் எட்டாவதோடு நின்றவள் என்றாலும் அச்சில் எதைக் கண்டாலும் படித்துவிடுகிறவள். சூரியனார் கோயில் வாசல் கடையில் ஒரு ரத்தினப் புத்தகம் வாங்கினேன். உண்மையான மாணிக்கத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும் என்று அதில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, வெள்ளி டம்ளரில் பால் ஊற்றித் தோட்டைப் போட்டு முற்றத்து வெயிலில் வைத்தேன். பால் சிவந்ததா, என் கண் சிவந்ததா என்று தெரியாமல் குனிந்திருந்தபோது நீ வந்து நின்றாய். சொல்லாமல் கொள்ளாமல் வருவது உன் வழக்கம்.

"என்னடி, தோட்டுக்கு நெஞ்செரிச்சலா? பால் குடுக்குற?"

கேலி அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றது. உடனே டம்ளருக்குள் விரலை விட்டுத் தோட்டை எடுத்தாய். மூடின கட்டடத்துக்குத் தண்ணீரே ஆகாது, பாலில் ஊறப்போடுகிறாயே என்று திட்டிக்கொண்டே முந்தானையால் ஒற்றினாய். பஞ்சு கேட்டாய். ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் பஞ்சுத் திரியால் துடைத்து, சாய்த்து வைத்துக் காயவிட்டாய். இதைப் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்காதே, சீயக்காய் படவிடாதே, செண்ட் அடித்துக்கொண்ட பிறகு போடு, கழற்றினால் காய்ந்த துணியால் துடைத்துப் பஞ்சில் வை, மற்ற நகையோடு உரசவிடாதே என்று அடுக்கினாய். என் தோட்டுக்கு இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

தோடு கைக்கு வந்த மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ ஓடி வந்தாய். நான் பெஞ்சில் சுருண்டு கிடந்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை அக்கா. முதலில் என் காதைத்தான் பார்த்தாய். இரண்டு காதையும் மாறிமாறிப் பார்த்த பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாய். இந்த நேரத்திலும் கல்மேல் கண் போகிறதே என்று உன் தோளில் சாய்ந்துகொண்டே நினைத்தேன். அவர் பிழைத்து எழுந்து வந்தார். நான் அந்தப் பார்வையை மறக்கவில்லை.

பூரணி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து என் தோட்டை இரவல் கேட்டாய். இவளிடம்தான் இதேபோல ஒரு ஜோடி இருக்கிறதே, என்னுடையது எதற்கு? இதையும் வேறு மட்டமானதாக மாற்றத்தான் என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டை விட்டுப் போகிற பொருள் கரண்டியானாலும் நோட்டில் ஏறும். தோட்டையும் எழுதினேன். அது போதாது என்று, காபி போடுகிற சாக்கில் உள்ளே போய், இரண்டு தோட்டின் முதுகிலும் கோணி ஊசியால் அழுத்தி ஒவ்வொரு புள்ளி குத்தினேன். பிறகு பூ வைத்து, சிரித்த முகமாகக் கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தாய். என் உள்ளங்கையில் வைக்கும்முன் இரண்டையும் குப்புறத் திருப்பினாய்.

"ரெண்டு புள்ளியும் பத்திரமா இருக்கு, எண்ணிக்க" என்றாய். என் விரல்களை மடக்கி மூடிவிட்டு, "தோட்டுக்கு வலிச்சிருக்கும்டி" என்றாய்.

அதற்குப் பிறகும் நீ வந்துகொண்டுதான் இருந்தாய். நானும் சாப்பாடு போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இனி பட்டறைக்கு வருகிறேன். பத்தர் முதலில் உன் ஜோடியை எடுத்து ஒவ்வொரு கல்லாகக் குச்சியால் தட்டிப் பார்த்தார். இதில் எதுவும் ஆடவில்லையே அம்மா என்றார். எனக்குச் சுருக்கென்றது. பூரணி ஏன் பொய் சொன்னாள்? எதற்கும் பிரித்துப் பாருங்கள் என்றேன். நாலு தோட்டையும் ஒவ்வொன்றாகச் சூடு காட்டி அரக்கை இளக்கினார். நான் கண் கொட்டவில்லை. ஏழு நாலு இருபத்தெட்டுக் கல்லையும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அவர் ஒரு ஜோடியைத் தள்ளி வைத்தார். இது இரண்டும் புதிது, கல் எல்லாம் மெஷினில் தீட்டிய பட்டை, ஒரே அச்சு என்றார். இன்னொரு ஜோடியைக் கிட்டே இழுத்தார். இது இரண்டும் ரொம்பப் பழசு, கையால் தீட்டிய பட்டை, ஒரு கல்லைப் போல இன்னொன்று இல்லை, அரக்கில் செங்கல் தூள் கலந்திருக்கிறது, ஒரு தோட்டில் மட்டும் இரண்டு கல்லுக்கு அடியில், கல் மின்னுவதற்காக வைக்கிற தகட்டை மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

புதிது எது, என்னுடையதுதானே என்றேன். இல்லை என்றார். பலகையில் இடம் மாற்றி வைத்துவிட்டீர்களா என்றேன். மறுபடியும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க கண்ண மூடாமப் பாத்துக்கிட்டுத்தானேம்மா இருந்தீங்க? இந்தா, இந்தப் பழசுக்குப் பின்னாடி ஊசிக்குத்து இருக்கு. இது யாரோடது?"

என்னுடையது அக்கா. நான் குத்தியது. உன்னைப் பிடிப்பதற்காக வைத்த புள்ளி உனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. அம்மாவின் இரண்டு தோடும் முதல்நாளிலிருந்து என் காதில்தான் இருந்திருக்கின்றன. என் மோதிரத்துப் பொன் உன் காதில் இருந்திருக்கிறது.

கல் எதனால் கறுத்தது என்றும் கேட்டேன். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினால் அடியில் நீர் இறங்கும், தகடு கறுக்கும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றார். தீபாவளிக் குளியல். அம்மா தோட்டைக் கழற்றியிருக்க மாட்டாள். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

இதைக் கேட்டதும் நான் அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் புதிதாகச் சந்தேகப்பட்டேன். சாலையில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அதை விட்டு ஒதுங்கி நடக்கக்கூடத் தோன்றவில்லை, ஒரு பெண் சத்தம் போட்டாள். அப்பாவைக் கொண்டுபோன கல் என்று நீ பயந்திருக்கிறாய். கறுத்ததையும் சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டாய். அதனால்தான் ஆஸ்பத்திரியில் என் காதைப் பார்த்தாய், கல் கறுத்துவிட்டதா என்று பார்த்தாய். இதில் என்ன கோளாறு, எதற்கு என் தலையில் கட்டினாய் என்று காவிரிப் பாலத்தில் நின்று உன்னைத் திட்டினேன். கோயில் வழியில்தான் இருந்தது. உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். பூரணி கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை, தோடு ஒரு ஜோடி, அக்கா வசம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. விளங்காத கல் என்று நினைத்தவள், இருக்கிற ஒரே மகள் மணையில் உட்காரும்போது அதைத் தேடி வந்து வாங்குவாளா?

பூரணிக்குப் போன் போட்டேன். உன் அம்மா தோட்டில் ஒரு கல்லும் ஆடவில்லையே என்றேன். தெரியும் சித்தி என்று மெதுவாகச் சொன்னாள். முகூர்த்தத்துக்கு உன் தோடே போதும் என்று அவள் சொன்னாளாம். நீதான் விடவில்லையாம். சித்தி காதில்தான் அம்மாச்சி இருக்கிறாள், அதைப் போட்டுக்கொண்டு தாலி வாங்கிக்கொள் என்றாயாம். வெளியே சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயாம். அவள் சத்தியத்தை மீறவில்லை. பத்தரைச் சொல்லவைத்துவிட்டாள். உன் மகள்தான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நானும் கேட்டேன் சித்தி. 'சொன்னா அவ போட மாட்டா. இதுல என்ன கோளாறு, எதுக்கு என் தலையில கட்டுறன்னு கேப்பா'ன்னு சிரிச்சாங்க."

நான் பாலத்தில் நின்று கேட்ட அதே வார்த்தைகள். போனை வைத்துவிட்டுப் பூஜை அறையில் உட்கார்ந்தேன். விளக்கு ஏற்றக் கை வரவில்லை. ஜோடியைப் பிரிக்காதீர்கள் என்று அன்றைக்கு அழுதது நான். அதைக் கேட்டவள் நீ ஒருத்திதான். கொடுத்தேன் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அதனால் திருடி என்று நான் நினைத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் என் காதைப் பார்த்தது கல் கறுத்ததா என்று பார்க்கவா, இல்லை, பயத்தில் அம்மாவைத் தேடினாயா? இதை இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. என் மனசு இரண்டு பக்கமும் போகும். போகட்டும். இப்போதெல்லாம் பிடித்து இழுத்து அம்மா பக்கமே கொண்டுவந்து விடுகிறேன்.

பத்தர் எல்லாக் கல்லையும் மறுபடி பதித்தார். ஊசிக்குத்தை மெருகில் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பூரணியை வரச்சொல்லி, பழசில் ஒன்று, புதிசில் ஒன்று என்று அவள் கையில் வைத்தேன். மீதி இரண்டு எனக்கு. மாமா அன்றைக்கு வைத்த பாகம்தான். ஜோடி பிரிகிறதே சித்தி என்றாள். சேருகிறது என்றேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்க்குமுன் கழற்றிப் பஞ்சில் வைத்து, தலை நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எது யாருடையது என்று தெரியவில்லை. திருகாணி முடுக்கும்போது விரல் தோட்டின் முதுகில் படுகிறது. புள்ளி தட்டுகிற காதில் அம்மா. வழவழவென்று இருக்கிற காதில் நீ.