அஞ்சடியில் வாசித்த கடிதங்கள்

பூன் லே
வியாழக்கிழமை

அன்புள்ள முகைதீன் நானாவுக்கு,

தங்கராஜு சலாம் சொல்லி எழுதுவது. எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. இந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு காலைப் பொழுது போய்விட்டது. ஆனாலும் பாருங்கள், எழுபத்து நாலு வயதில் தங்கராஜு கடிதம் எழுதுகிறான்! இத்தனை காலம் எனக்காக எழுதிய கைக்குத்தான் என் முதல் கடிதம் போக வேண்டும் என்று வகுப்பில் சேர்ந்த அன்றே நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உங்களுக்கு வாசித்துக் காட்டுவதாக உங்கள் மகள் ஜைனப் சொல்லியிருக்கிறாள்.

வகுப்பு எங்கள் புளோக்கின் கீழே முதியோர் நிலையத்தில் நடக்கிறது. ஆறு பேரில் நான் ஒருவன்தான் ஆண். படிக்க வந்த பிறகு வாய் சும்மா இருப்பதில்லை. பேருந்தில், கடையில், மருந்துச் சீட்டில், எங்கே தமிழ் இருந்தாலும் சத்தமாக வாசித்துவிடுகிறேன். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். உட்கார நிறைய இடம் கிடைக்கிறது.

இப்போது சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு லிட்டில் இந்தியாவில் நடக்கிறேன். மரபுடைமை நடை என்று பெயராம். நம் பேச்சில் சொன்னால் ஊர் சுற்றிக் காட்டுவது. ஆரபி என்று ஒரு பெண் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறாள், என்னைப் போலப் பதினைந்து கிழடுகள் பின்னால் போகிறோம். கெர்பாவ் சாலைக்கு மலாய் மொழியில் எருமையின் பெயர் வந்த கதையைச் சொன்னாள். அந்தச் சாலையில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவன் நான். ஆனாலும் முதல் தடவை கேட்பவன் மாதிரித் தலையை ஆட்டினேன். நீங்கள் மேஸ்திரியாக இருந்த மசாலாக் கிட்டங்கியில் இப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுப் பையோடு வந்து தங்குகிறார்கள். கட்டடத்துக்கு நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் அடித்திருக்கிறார்கள். மிளகாய் நெடி மட்டும் இல்லை. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரபி அந்தக் கிட்டங்கியின் முன்னால் கூரை போட்ட நடைபாதையில், நம் அஞ்சடியில், எங்களை நிறுத்தினாள். தூணுக்குப் பக்கத்தில் நீங்கள் வழக்கமாக உட்காரும் அதே இடம். படித்தவர்கள் சாயங்காலம் இங்கே உட்கார்ந்து, படிக்காதவர்களுக்கு ஊர்க் கடிதம் வாசிப்பார்கள், பதிலும் எழுதித் தருவார்கள் என்றாள். "கெட்ட நியூஸ் வந்தா அப்படியே வாசிக்க மாட்டாங்க. கேக்கிறவரு தாங்க மாட்டாருன்னு கொஞ்சம் மாத்தித்தான் சொல்வாங்க. அப்பல்லாம் அதுதான் பழக்கம்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க நானா அப்படி இல்ல லா. ஒரு எழுத்து விட மாட்டாரு" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற ஓர் அம்மா, "படிக்கத் தெரியாத ஆளு, விட்டாரா விடலையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். அந்தப் பழைய கடிதங்கள் இருந்தால் ஒன்று கொண்டு வாங்க அங்கிள், இந்த இடத்தில் காட்டலாம் என்று ஆரபி கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லி நாலு பேரிடம் காட்டலாமே என்று மறுநாள் காலையில் பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

நீலக் கடிதங்கள் பதினாலு இருந்தன. அக்கா சொல்லச் சொல்ல ஊர் வாத்தியார் எழுதியவை. விரலை வைத்து வைத்து வாசித்தேன். கடைசி நாலும் எண்பத்தோராம் வருஷத்தில் வந்தவை.

நானா, அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று அந்த நாலில் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ தம்பி என்று எழுதியிருக்கிறது. மூன்று கடிதத்திலும் அதேதான். நாலாவது அத்தான் எழுதியது. நாற்பது நாள் வாசலையே பார்த்துக் கிடந்து செத்தாளாம். வருகிறேன், வருகிறேன் என்று எழுதி அவளை ஏமாற்றினாயே, இனி நீ வரவே வேண்டாம் என்று முடித்திருக்கிறார்.

நீங்கள் எனக்கு அப்படி வாசிக்கவில்லை. அக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல், தூக்கத்திலேயே போய்விட்டார்கள், உன்னைச் சிரமப்பட வேண்டாம் என்று அத்தான் எழுதியிருக்கிறார் என்றுதான் வாசித்தீர்கள். அக்கா நோவு இல்லாமல் போனாள் என்று நாற்பத்து நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரேடியோ வாங்கியிருக்கிறேன், தீபாவளிக்குச் சேலை அனுப்புகிறேன் என்றுதான் அக்காவுக்கு எழுதச் சொன்னேன். நீங்கள் என் பெயரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரியும். அப்போது மூட்டை விழுந்து என் கால் உடைந்திருந்தது. கட்டுப் போட்டு மூன்று மாதம் படுத்திருந்தேன். கஞ்சி ஊற்றியது நீங்கள். தெரிந்திருந்தாலும் நான் எழுந்து போயிருக்க முடியாது. ஆனால் அந்தத் துக்கம் என்னுடையது இல்லையா, நானா? கால் ஆறிய பிறகாவது சொல்லியிருக்கலாமே. அடுத்த வருஷமாவது, அதற்கடுத்த வருஷமாவது சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை என்று உங்களிடம் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

அதைக் கேட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் நீங்கள் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வந்தேன். உங்களுக்கு நினைவிருக்காது. இரண்டு வருஷமாக என்னை வார்டு ஆள் என்று நினைத்துத் தண்ணீர் கேட்கிறீர்கள். அன்றும் கேட்டீர்கள், கொடுத்தேன். பிறகு அக்காவின் கடைசிக் கடிதத்தை உங்கள் கையில் வைத்தேன். நீங்கள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். தொண்டையைச் செருமினீர்கள். பிறகு, "தங்கராஜு, அக்கா நல்லாருக்காங்களாம். ஒன்னத்தான் விசாரிச்சாங்களாம். கால் ஆறுனதும் வந்தாப் போதுமாம்" என்று வாசித்தீர்கள். அந்தக் காலத்தில் செய்வது போலவே மடித்து என் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக் கொடுத்தீர்கள்.

என் பெயரைச் சொன்னீர்கள், நானா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நான் சந்தோஷப்பட்டேனா, அழுதேனா என்று ஜைனபைத்தான் கேட்க வேண்டும். நான் கொண்டு வந்த கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பதில் சொல்ல இனி யாரும் இல்லை. அத்தானும் இல்லை. அந்த முகவரியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

ஆரபிக்கு வேறு கடிதம் ஒன்று கொடுத்தேன், மழை பெய்ததையும் ஆடு குட்டி போட்டதையும் எழுதியது. அதைக் கண்ணாடி உறையில் போட்டுத் தூணுக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினாள். வாசித்தவர் முகைதீன் நானா என்று நானே சத்தமாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஜைனப் சொல்லி வருத்தப்படுகிறாள். கஞ்சியாவது குடியுங்கள். வருகிற சனிக்கிழமை அரபுத் தெருப் பக்கம் கூட்டிப்போகிறார்களாம். அங்கே பார்த்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன், வரி நேராக வருகிறதா பாருங்கள். அல்லா உங்களுக்கு நோவு இல்லாத நாட்களைக் கொடுக்கட்டும்.

உங்கள் தம்பி,
தங்கராஜு


ஜைனபுக்கு,

இந்தச் சீட்டை மேலே வைத்துக் குத்தியிருக்கிறேன். இதை முதலில் நீ தனியாகப் படித்துவிடு, அம்மா.

கடிதத்தில் நீலக் கடிதங்கள் வருகிற இடத்திலிருந்து, கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன் என்கிற பத்தி முடிகிற வரை ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். அதைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். எழுத நாலு நாள் ஆயிற்று, எழுத்தும் அந்தப் பக்கத்தில்தான் கொஞ்சம் அழகாக வந்திருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

உன் அத்தாவுக்கு அதை வாசிக்காதே. அந்த இடம் வந்ததும் பார்வையைக் காகிதத்திலிருந்து எடுக்காமல், தங்கராஜு சௌக்கியம், கால் நன்றாக ஆறிவிட்டது, ஊரில் அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டான் என்று வாசி. அவர் நம்புவார்.

மாமா