கதவோர நாற்காலி

ஜூன் 3

இல்லை, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை. இன்று மட்டும் ஏழு பேரிடம் இதைச் சொன்னேன். ஏழாவது முறை எனக்கே பொய் போலக் கேட்டது.

பின்சந்தில் எங்கள் புது இசைப் பள்ளியின் படிவம் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிற அம்மா. வாயில் கவ்விய ஊசியை எடுக்காமலே கேட்டார்.

"ஃபீஸ் கிடையாது. புக்கு நீங்களே. வயலினும் நீங்களே. மத்தியானச் சாப்பாடும் நீங்களே. அப்ப நாங்க என்ன தரணும்?"

"பொண்ண அனுப்புங்க, போதும்."

"அதத்தான் கேக்கறேன். பொண்ணத்தான் தரணுமா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

படிவத்தின் முதல் வரியை நான்கு நாள் திருத்தித் திருத்தி எழுதியிருந்தேன்: இலவசப் பயிற்சி, இலவச உணவு, பாதுகாப்பான இடம். இதில் எங்கே உறுத்துகிறது?

ஜூன் 5

இடத்தை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன். கீழே காகிதக் கிடங்கு. பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே நீளமான ஒரே அறை, ஆறு ஜன்னல், இரண்டில் கண்ணாடி இல்லை. காலையில் பாடம், மதியத்துக்கு மேல் இசை. ஆசிரியைகள் இருவர்: நானும் கணக்கு டீச்சரும். இரும்பு அலமாரியில் இசைக் கல்லூரி இரவல் கொடுத்த பத்தொன்பது வயலின்கள். நிபந்தனை ஒன்றுதான். ஜூலை முப்பத்தொன்றுக்குள் பன்னிரண்டு மாணவிகளாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்தொன்பதும் திரும்பிப் போகும். வயலின் இல்லாமல் இது இசைப் பள்ளி இல்லை. வெறும் மாடி.

கிடங்குக்காரர் மாடியைச் சும்மா கொடுத்திருக்கிறார். வாடகை வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம். "காலியாத்தானேம்மா கெடக்கு" என்றார்.

யாராவது எதையாவது சும்மா கொடுப்பார்களா?

(இதே கேள்வியைத்தான் பட்டன்காரம்மா என்னிடம் கேட்டார். தெரிகிறது. ஆனால் என் விஷயம் வேறு. வேறுதானா?)

ஜூன் 10

முதல் நாள். பத்தொன்பது பேர்! ஒரு வயலினுக்கு ஒருத்தி.

இன்று வாசிக்கவில்லை, அளவு மட்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை டேப் வைத்து அளந்தேன். பிறகு சுண்டுவிரல். அரை அளவு வயலினா, முக்காலா, முழுசா என்று கை நீளம்தான் சொல்லும். பெயர், வயது, அங்குலம் என்று நோட்டில் வரிசையாக எழுதினேன். வரிசை அழகாக இருந்தது.

பட்டன்காரம்மாவின் சின்னவள், பதினோரு வயது. வீட்டில் குருவி என்று கூப்பிடுகிறார்கள். கையை நீட்டியபடி என்னைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம்.

கிடங்குக்காரர் படியில் பாதி ஏறி நின்றுவிட்டுப் போனார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 11

நான்கு பேர்.

ஜூன் 12

அதே நான்கு பேர். குருவி இல்லை.

"மழை இல்ல, காய்ச்சல் இல்ல, லீவும் இல்ல" என்றார் கணக்கு டீச்சர். "நம்ம மூஞ்சிதான் காரணம்."

ஜூன் 15

யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து வீட்டில் ஒரே நாளில் ஒரே முடிவு தானாக வராது.

கிடங்குக்காரர். தினமும் நாலு மணிக்குப் படிக்குக் கீழே வந்து நிற்கிறார். பிள்ளைகள் இறங்கும்போது அவர் உதடு அசைகிறது. இன்று ஜன்னலிலிருந்து நன்றாகப் பார்த்தேன், எண்ணுகிறார். எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள் என்றா? நான்கு மூன்றானால், மூன்று இரண்டானால், மாடி திரும்பக் கிடைக்குமே.

அக்காவிடம் சொன்னேன். பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ரத்தம் பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "நீ சந்தேகப்படாத ஆளு உலகத்துலயே ஒருத்திதான்டி. அவளயும் கண்ணாடில ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வெளில கெளம்பற."

ஜூன் 17

இன்று கேட்டுவிட்டேன். கிடங்கில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில், நின்றபடியே.

"என்னைப் பத்தித் தெருவெல்லாம் என்ன சார் சொல்லி வச்சிருக்கீங்க?"

"நானா? யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"அப்ப நாலு மணிக்கு வந்து என்ன எண்றீங்க?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். 

"மேல போன பிள்ளைங்க எல்லாம் கீழ எறங்குதான்னு."

புரியவில்லை.

"டேப்ப வச்சு ஒவ்வொரு பிள்ளையா கைய அளந்து நோட்டுல எழுதினீங்கல்ல. படிலேந்து பாத்தேன். அன்னிலேந்து எண்றேன். தப்பான ஆளு கைல சாவியக் குடுத்துட்டமோன்னு."

"அளந்தா என்ன?"

"அதப் பின்சந்துல போய்க் கேளுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

திரும்பி நடந்தவள் மறுபடி வந்தேன். விடவில்லை. "சரி, மாடிய ஏன் சும்மா குடுத்தீங்க?"

"சும்மாவா! யார் சொன்னா? மேல கூரை ஒழுகுது. ஆளில்லாம கெடந்தா எனக்குத் தெரியறதே இல்ல. போன மழைல ஒரு வண்டிக் காகிதம் கூழாப் போச்சு. ஆளு இருந்தா ஒழுகினதும் கத்துவீங்கல்ல?"

நான் அவரைச் சந்தேகித்த அதே நாட்களில் அவர் என்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது நியாயமாக இருந்தது. தினமும் வந்து எண்ணினார். நான் ஜன்னலில் நின்று எழுதினேன்.

ஜூன் 18

போனேன். பட்டன்காரம்மா உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

அப்படியே எழுதுகிறேன், என் சொற்களில் போட்டால் அழகாகிவிடும்.

"அஞ்சு வருஷம் முன்ன ஒருத்தர் வந்தாரு, டீச்சர். நல்லாப் பேசினாரு. உங்கள மாதிரியே. காகிதம் குடுத்தாரு. இலவசப் பயிற்சி, சாப்பாடு, பாதுகாப்பா தங்கற எடம். நூல் மில்லுல. பிள்ளைங்கள நிக்க வச்சு கைய அளந்தாரு, மெஷின் மேல எட்டணுமாம். வெரலயும் பாத்தாரு. அறுந்த நூல முடிய சின்ன வெரலா வேணுமாம். நோட்டுல எழுதினாரு. என் மூத்தவளுக்கு அப்ப பதினாலு. ஒல்லி வெரலுன்னு பாராட்டினாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு, அதச் சொல்லணும்ல."

"எப்ப திரும்பி வந்தா?"

"மூணு வருஷம். வெளில விடல. பஞ்சு உள்ள போயி இப்ப இருமல் நிக்கல."

உள்ளறையில் இருமல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. யாரும் வெளியே வரவில்லை.

"குருவி வந்து, அம்மா அந்த டீச்சர் என் கைய அளந்தாங்கன்னு சொல்லுது. நான் என்ன நெனைக்கட்டும்?"

அதே டேப். அதே நோட்டு. முதல் வரி கூட அதே. நான்கு நாள் திருத்தினேனே — யாரைப் போல எழுத?

ஜூன் 20

கூப்பிட்டேன், பதினோரு அம்மாக்கள் வந்தார்கள்.  அரை அளவு, முக்கால், முழு அளவு, மூன்று வயலின்களையும் மேஜையில் வைத்தேன். அளவு எழுதிய தாள்களை நோட்டிலிருந்து கிழித்து நடுவில் வைத்தேன். டேப்பைப் பட்டன்காரம்மா கையில் கொடுத்தேன்.

அவர் குருவியைக் கூப்பிட்டு அளந்தார். இருபது. நான் காட்டிய அரை அளவு வயலினை அவள் தோளில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை இறக்கி, முழு அளவை வைத்தார். குருவியின் கை வயலினின் தலைக்கு எட்டவில்லை, தொங்கியது. மறுபடி சின்னதை வைத்தார். எட்டியது.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் நிபந்தனை போட்டார்கள். தினமும் ஒரு அம்மா முறை வைத்து வகுப்பில் உட்காருவார், காலையிலிருந்து நாலு மணி வரை. நாற்காலி கதவோரம். கதவைச் சாத்தக் கூடாது.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 23

எட்டுப் பேர் + நாற்காலி.

ஜூன் 25

முதுகில் ஒரு கண் எப்போதும். குருவியின் முழங்கையைத் திருத்தத் தொடும்போது நாற்காலி கிறீச்சிடுகிறது. "தொடலாமா?" என்று குருவியிடம் கேட்டுவிட்டுத் தொட்டேன். கேட்டிருக்க வேண்டியது முதல் நாளே. இருந்தாலும் கோபம் வருகிறது. நான் என்ன குற்றவாளியா? இல்லை என்று நிரூபிப்பது எப்படி, தினமும் குற்றம் செய்யாமல் இருப்பதைத் தவிர?

ஜூலை 2

பட்டன்காரம்மா முறை. ஒரு மூட்டைச் சட்டையோடு வந்தார். கணக்கு வகுப்பில் பின்னம் நடந்தது. "முக்காலும் அரையும் எவ்வளவு?" பிள்ளைகள் விழித்தார்கள். கதவோரத்திலிருந்து "ஒண்ணேகால்" என்றது ஒரு குரல். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜூலை 9

மழை. கூரை ஒழுகியது. ஒன்பது பிள்ளைகளும் சொல்லிவைத்தது போல ஒரே குரலில் கத்தினார்கள், ஏறக்குறைய ஒரே சுருதியில். கிடங்குக்காரர் வாளியோடு ஓடி வந்தார். காகிதம் நனையவில்லை. வாடகை கொடுத்தாயிற்று.

ஜூலை 16

பத்துப் பேர்.

நாற்காலியில் இன்று பட்டன்காரம்மாவுக்குப் பதில் மூத்தவள். பத்தொன்பது வயது, பார்க்க இன்னும் பெரியவள் போல. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தால் எழுந்து படிக்குப் போய் இருமிவிட்டு வந்தாள். 

மற்ற அம்மாக்கள் என்னைப் பார்ப்பார்கள். இவள் என் கைகளை மட்டும் பார்க்கிறாள்.

ஜூலை 22

மறுபடி அவள். இன்று கைகள் வெளியே இருந்தன. நான் விரல் வைக்கிற முறை சொல்லும்போதெல்லாம் தன் வலது முன்கையில் இடது விரல்களால் ஏதோ தட்டினாள். கேலியா? மணி எண்ணுகிறாளா? வீட்டில் போய் அம்மாவிடம் என்ன சொல்கிறாள்?

ஜூலை 29

பதினொன்று. இன்னும் ஒருத்தி வேண்டும். சந்தில் கதவு கதவாகக் கேட்டாயிற்று. தலையாட்டுகிறார்கள். வருவதில்லை.

ஜூலை 31

கல்லூரியின் கருவி அறைப் பொறுப்பாளர் அம்மா வந்தார். அவசரத்தில் இருந்தார். வாசலில் நின்றபடியே பேனாவால் எண்ணினார். கதவோர நாற்காலியிலிருந்து தொடங்கினார்.

ஒன்று — மூத்தவள்.

"பன்னெண்டு. சரியா இருக்கு." கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கணக்கு டீச்சரைப் பார்த்தேன்.

"என்னப் பாக்காத. எனக்கு இன்னிக்குக் கணக்கு வராது."

மூத்தவளும் என்னைப் பார்த்தாள். கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1

ஆள் கணக்குக் காட்ட அவளைப் பயன்படுத்திக்கொண்டேன். வேறு எப்படி எழுதினாலும் அதுதான். இப்போது அந்த மில் ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் அளந்தான், எழுதினான். நான் அளந்தேன், எழுதினேன், எண்ணவும் விட்டேன்.

"சொல்லிடுடி" என்றாள் அக்கா.

"சொன்னா பத்தொம்போதும் போயிடும்."

"அப்ப சொல்லாத."

"அதெப்படி?"

"நீ என்னக் கேக்கவே இல்ல. உனக்கு நீயே கேட்டுக்கற. விடு, தூங்கணும்."

கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. கிழிக்கவுமில்லை.

ஆகஸ்ட் 3

மூத்தவள் வந்தாள். இன்று அவர்கள் வீட்டு முறை இல்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"அந்தம்மா என்னயும் எண்ணிட்டாங்கல்ல, டீச்சர்?"

"ஆமா. தப்பா எண்ணிட்டாங்க. எழுதிச் சொல்லிடறேன்."

"மில்லுலயும் எண்ணுவாங்க. உள்ள போறப்ப ஒரு தடவ, வெளில வர்றப்ப ஒரு தடவ. நம்பர் சரியா இருந்தா அவங்களுக்குப் போதும். யாரு, என்னன்னு ஒண்ணும் கெடையாது." இருமினாள். படிக்குப் போகாமல் அங்கேயே நின்று இருமினாள். "இங்கயும் அப்படித்தானா?"

 மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் அதுவும் எனக்காகத்தான்.

"எண்ணிட்டீங்கல்ல. அப்ப எனக்கு ஒண்ணு குடுங்க."

"என்ன?"

அலமாரியைக் காட்டினாள். வலது முன்கையை நீட்டி, அதன் மேல் இடது விரல்களை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. போன வாரம் நான் குருவிக்குச் சொன்ன பாடம். மூன்றாவது விரல் சரியான இடத்தில் விழுந்தது. குருவிக்கு இன்னும் விழவில்லை.

டேப்பை எடுத்தேன். அவள் தோள் இறுகியது. அதை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றேன்.

தானே எடுத்தாள். ஒரு முனையைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு கையை நீட்டினாள். மறு முனை நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் முடியாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மூன்றாவது தடவை அவளே சொன்னாள்: "அந்த முனையப் புடிங்க."

பிடித்தேன்.

"இருபத்து மூணரை" என்று படித்தாள். "எழுதணுமா?"

"வேணாம்னா வேணாம்."

"எழுதுங்க. நான் பாக்கற மாதிரி எழுதுங்க."

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்து, தலைகீழாக எழுதினேன். கோணலாக வந்தது. முழு அளவு வயலின். அலமாரியில் பதினான்காவது.

கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: முப்பத்தொன்றாம் தேதி பதினொருவர்தான், பன்னிரண்டாவதாக எண்ணப்பட்டவர் இன்றுதான் சேர்ந்தார், வயது பத்தொன்பது. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

பதில் இல்லை. படியில் காலடி கேட்டால் அலமாரியைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 12

பதில் வந்தது. இரண்டே வரி. பன்னிரண்டு இருக்கட்டும். மீதி ஏழையும் அனுப்பிவிடவும்.

கோபமா, சலுகையா — வரிகளில் தெரியவில்லை. நான்கு முறை படித்தும் தெரியவில்லை.

இன்று பட்டன்காரம்மா முறை. வரவில்லை. மூத்தவளிடம் கேட்டேன்.

"இனிமே வர மாட்டாங்களாம், டீச்சர். மத்தவங்களும்தான். சட்ட நெறய வந்திருக்காம்."

எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் சட்டையா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஏழு பெட்டிகளையும் துடைத்துப் படியிறக்கிக் கொடுத்தேன். மேலே வந்து, கதவோரத்து நாற்காலியைப் பிள்ளைகளின் பதினொரு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். கதவைச் சாத்தவில்லை.