பாசி போன வாசல்

மார்ல்காம் மாளிகை,
4 மார்ச் 1951

என் தங்கை பெற்ற தங்கமே வின்னி,

மாமா நலம், மாமாவின் பொறாமை அதைவிட நலம். கல்யாணப் படத்தை உன் வருங்கால மாமனார் கர்னல் டாட்ஸ்வெல் வீட்டுக் கல்வாசலில் எடுக்கப் போகிறீர்களாமே! அதெல்லாம் ஒரு வாசலா? நம் வாசல் உச்சியிலுள்ள கல்சிங்கம் தும்மினால் அவர் வாசல் பிரான்ஸில் போய் விழும். நானூறு வருஷமாக இந்த வீட்டுப் பெண்கள் மணக்கோலத்தில் நம் வாசல் வழியாகத்தான் நடந்து போனார்கள், உன் அம்மா உட்பட.

வியாழனன்று லண்டன் அதிகாரி வருகிறார், எந்த வாசல் சரித்திரச் சின்னம் என்று தீர்ப்புச் சொல்ல. நம்முடையதைச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டேன். "சிங்கத்துக்குக் காது அழுக்குகூட எடுத்தாச்சுங்க" என்கிறான் தோட்டக்கார ஜெசப்.

ஆம்புரோஸ் மாமா

பாத் நகர்,
7 மார்ச்

அன்புள்ள மாமா,

ஐயோ, தேய்க்காதீர்கள்! அந்தப் பாசிதானே அதன் வயதுக்குச் சாட்சி?

பதறும்
வின்னி

மார்ல்காம்,
10 மார்ச்

வின்னி,

உன் கடிதத்தை முந்திக்கொண்டு அதிகாரி வந்துவிட்டார். வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பழைய வாசலை எப்ப சார் இடிச்சீங்க?" என்றார். நான் குடித்த தேநீர் மூக்கு வழியாக அவர் கோட்டில் இறங்கியது.

கர்னலின் வாசல் சரித்திரச் சின்னமாகப் பதிவாகிவிட்டது. அதிலுள்ள பாசியில் ஆட்டுமந்தையே மேயலாம். சந்தையில் ஊர் கேட்கக் கத்துகிறார்: "என்ன ஆம்புரோஸ், வாசலுக்கு ஷேவிங் பண்ணி விட்டீராமே!"

நீ அங்கேயே போம்மா. சரித்திரமுள்ள இடம். எனக்கு மூட்டுவலி, கல்யாணத்துக்கு வருவதற்கில்லை.

ஆம்புரோஸ்

பாத் நகர்,
13 மார்ச்

அன்பு மாமா,

வலி முழங்காலிலா, வயிற்றிலா?

கர்னல் வாசலில் இனிப் பூத்தோரணத்துக்கு ஓர் ஆணி அடிக்கவும் லண்டன் அனுமதி வேண்டுமாம். "மூச்சைக்கூட மெதுவா விடுங்கடா, சரித்திரம் உதிர்ந்துடும்!" என்று எல்லாரையும் விரட்டுகிறாராம்.

ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. அங்கே எடுக்க நினைத்தது ஒரு படம், அவ்வளவுதான். மணப்பெண்ணாக நடந்து போவது நம் வாசல் வழியாக, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. வேறு மாதிரி நான் நினைத்ததே இல்லை. நீங்கள்தான் கேட்கவே இல்லை.

உங்கள்
வின்னி

மார்ல்காம்,
15 மார்ச்

என் கண்ணே வின்னி,

மூட்டுவலி பறந்துவிட்டது, ஐரோப்பிய வைத்தியர்கள் எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள். கர்னலுக்கு நம் வாசலெதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், உட்கார்ந்தபடி வயிறெரிய.

ஒன்று மட்டும். ஊரெல்லாம் நான் அளந்து விட்ட வாசல், உள்ளே புகுந்தால் நாலே எட்டில் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் மெதுவாக நடம்மா.

மாமா