நனைக்காத இடது கை

வாசலில் வாளி இருக்கிறது. அதில் ஒன்றரை மீட்டர் காடாத் துணி ஊறுகிறது. முதல் தண்ணீர் அதற்குள் வெளுத்துவிட்டது. புதுத் துணியின் கஞ்சி வாசனை கூடம் வரை வருகிறது. அந்த வாசனை வந்தால் போதும், நான் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கே நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரிசி களைகிறாய். களைந்த தண்ணீரை எழுந்துபோய் வேப்பமரத்துக்கு ஊற்றுகிறாய்.

சற்று முன் என் நாத்தனார் வாசலைத் தாண்டும்போது வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாது இது? யாருக்கு?" என்று கேட்டாள். நான்கு வருஷத்துக்கு முன்னும் இதே வீட்டில் இதே கேள்வியை அவள்தான் கேட்டாள். அன்றைக்கு நான் சொன்ன பதிலை உன்னிடம் சொன்னதே இல்லை. இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே சத்துணவு மையத்தில் வேலை பார்த்தோம். நான் அமைப்பாளர், நீ சமையலர். நான் ஊர்த்தெரு, நீ காலனி. என்னைவிட நான்கு வயது பெரியவள். இருந்தும் முதல் நாளே உன்னை "நீ" என்றுதான் கூப்பிட்டேன், நீ என்னை "அமைப்பாளரம்மா" என்றாய். இரண்டு பேருக்குமே அது வித்தியாசமாகப் படவில்லை. வருஷம் போகப் போக உன் வாயிலிருந்து அந்த அம்மா உதிர்ந்தது. "இன்னாமே, நாஷ்டா துன்னியா இல்லியா?" என்று காலையில் கேட்பாய். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நான் என் "நீ"யை விட்டு ஒரு படி இறங்கவில்லை.

அந்த வருஷம் உங்கள் தெரு சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். மூன்றாவது ராஜாவாக நடிக்க வேண்டிய உன் தம்பி, கம்பெனியில் லீவு தரவில்லை என்று கழன்றுகொண்டான். நீ கரண்டியும் கையுமாக என் மேசை முன்னால் வந்து நின்றாய்.

"எங்க தெருவுல அவன் ஒசரத்துக்கு கீறது நான் ஒருத்திதான். பாஸ்டரு என்னியே ராஜாவா நிக்கச் சொல்லிட்டாரு. நீதான் மிஷின் வெச்சினுகீறியே, ஒரு அங்கி தச்சிக் குடுமே."

"ராஜா இன்னா கொண்டு வருவாரு?" என்று கேட்டேன்.

"வெள்ளைப்போளம். செத்தவங்க ஒடம்புக்குப் பூசறது. பொறந்த கொழந்தைக்குப் போயி அத எடுத்துனு வராரு பாரு, கூறுகெட்ட ராஜா" என்று சிரித்தாய்.

துணி எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். கடைக்குள் நுழைந்ததும் நீ சாட்டினைத் தொட்டாய். சிவப்பு, பளபளவென்று இருந்தது. நான் அதன் ஓரத்தைக் கைக்குள் கசக்கி விரித்துக் காட்டினேன். சுருக்கம் அப்படியே நின்றது. "ஊசி போனா தடம் தெரியும், மிஷின்ல வழுக்கும், ரெண்டு நிமிஷத்துல வேத்துக் கொட்டும்" என்று பெரிய மேஸ்திரிபோல் அடுக்கினேன். பாலியஸ்டர் உடம்பில் விழாது, விறைத்து நிற்கும் என்று அதையும் தள்ளினேன். கடைசியில் காடா கேட்டதும் கடைக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. "காஞ்சிபுரத்துக்கு வந்து காடா கேக்குறீங்களேம்மா." நீ விடவில்லை. "எங்க ராஜா ஏழை ராஜா நைனா, எடுத்துப் போடு" என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நெருக்கம் பார்த்தேன். கனமாக, நேராகத் தொங்கியது. மேலே போர்த்த என் பழைய அரக்குப் பட்டு இருக்கிறது, உள்ளங்கிக்கு இது போதும் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் துணியை நனைத்தோம். என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த பழக்கம் அது. புதுத் துணிக்கு மூன்று தண்ணீர் காட்ட வேண்டும். முதல் தண்ணீர் கஞ்சியை இறக்கும், இரண்டாவதில் துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கும், மூன்றாவது தெளிந்து நிற்கும். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் போட்டு, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, ஒரு நூலை உருவி நேர்கோடு பார்த்துத்தான் கத்தரி வைக்க வேண்டும். கடைசியாக மூலையில் ஒரு பொட்டு மஞ்சள். அதுவரைக்கும் அது கோடி.

நான் மஞ்சளைக் குழைத்தபோது நீ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாய்.

"எங்க வூட்ல இதெல்லாம் வெக்கறதில்லமே. பாஸ்டரு பாத்தாருன்னா ஞாயித்துக்கெயம பூரா என்னப் பத்திதான் பேசுவாரு."

"பின்ன வெறும் கோடியவா போட்டுக்குவே? பொணத்துக்குத்தான் கோடிய அப்டியே போத்துவாங்க."

"அடியம்மா, சரி வெய்யி. எனக்கு பயம் இல்ல, உனக்கு கீதில்ல" என்றாய்.

தைக்க உட்கார்ந்தபோதுதான் கணக்கு இடித்தது. உன் உயரத்தை என் உயரமாக நினைத்து அளந்திருக்கிறேன். உடம்பும் வலது கையும் வந்தன, இடது கைக்குத் துணி இல்லை. அரையாண்டு லீவு விட்டாயிற்று, பள்ளிக்கூடத்துக் குழாயடி பூட்டிக் கிடந்தது. உத்திரமேரூர் பஜாரில் அதே காடா கிடைத்தது. வாங்கிவந்து வாசலில் வாளியை எடுத்து வைத்தேன். மார்கழி மாசம் பெருமாள் கோயிலுக்கென்று வந்திருந்த நாத்தனார் அப்போதுதான் கேட்டாள்.

"இன்னாது? யாருக்கு?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. காலனிக்காரிக்கு நம்ம வாளியிலா, நம்ம மிஷினிலா என்று அவள் ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர், மாமனார் என்று சாயங்காலம் வரை இழுக்கும். "யாருக்கும் இல்லக்கா. மிஷின மூடி வெக்க" என்றேன். சொன்னதோடு நிற்காமல் துணியை எடுத்துப்போய் மிஷின் மேல் விரித்தும் காட்டினேன். மிஷினை மூடுகிற துணியை யாராவது மூன்று தண்ணீரில் நனைப்பார்களா? வாளி காலியாகவே உள்ளே போனது. மறுநாள் காலையில் அவள் கோயிலுக்குக் கிளம்பியதும், அந்தத் துணியை அப்படியே வெட்டி, அப்படியே தைத்தேன். மத்தியானம் நீ வந்துவிடுவாய். நனைத்தால் காய நேரம் இல்லை. மஞ்சள் டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நனைக்காத துணிக்கு மஞ்சள் எதற்கு என்று வீம்பாக விட்டுவிட்டேன்.

நீ வந்தாய். வழக்கம்போல வாசலுக்கு வெளியிலேயே நின்றாய்.

"புதுத் துணிய நனைச்சியா?"

"மூணு தண்ணி காட்டிட்டேன்."

"மஞ்ச வெச்சியா?"

"வெச்சேன்."

அங்கியின் இடது கையை எடுத்து மூக்கின் பக்கம் கொண்டுபோனாய். ஒரு நொடிதான். பிறகு மடித்துப் பையில் வைத்தாய். "கையோரம் ரெண்டையும் நானே மடிச்சி தச்சிக்கறேன். நீ போயி செத்த படு, மூஞ்சே சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் உங்கள் தெரு முனையில் நின்று நாடகத்தைப் பார்த்தேன். காடா அங்கியும் அரக்குப் பட்டுமாக வெயிலில் நடந்து வந்தாய். நிஜமாகவே ராஜாபோல இருந்தாய். அந்தச் சந்தோஷம் பொங்கல் வரைக்கும்தான். லீவு முடிந்து வந்த அன்று அங்கியைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாய். முதல் துவையலிலேயே இடது கை நாலு விரற்கடை ஏறிவிட்டிருந்தது.

"உன் தையலுக்கு என் கை வளந்துடுச்சி பாருமே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ சிரித்துக்கொண்டு நின்றாய், பக்கத்தில் யாரும் இல்லை. நான் நாக்கு கூசாமல், "பஜார்க்கடைக்காரன் மட்டத் துணிய குடுத்து ஏமாத்திட்டான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "ஆமா, கடைக்காரன் மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாய்.

ஆடி மாசம் ஒரு காலையில், "இடது கை கொடையுதுமே" என்று சொன்னாய். "அண்டா தூக்கற கை, வலிக்காம இன்னா பண்ணும்" என்று தைலம் தேய்த்துவிட்டேன். சோறு வடிக்கும் முன்னே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் செங்கல்பட்டு போய்ச் சேரவில்லை.

நெஞ்சுவலிதான், கை வலி அதற்கு அறிகுறி என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும், படித்தவள்தானே. ஆனால் வலித்தது இடது கை. உன் வீட்டு வாசலில் உன் தம்பி கொண்டுவந்த கோடியை உன்மேல் போர்த்தினார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. தூரத்தில் நின்றிருந்த எனக்கு அந்தக் கஞ்சி வாசனை அடித்தது. உன் மேல் கோடியை முதலில் போட்டவள் நான்தான் என்று அப்போது தோன்றியது. இன்றுவரை அந்த நினைப்பு போகவில்லை. மிஷின் மிதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுக்கிறார்கள், துணியை மோந்து பார்ப்பதுபோல. மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. உனக்குப் பிறகு வந்த சமையலர் இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டால் போதும், ஓடிப்போய் அவளை உட்காரவைக்கிறேன். எனக்குக் கிறுக்கு என்று அவள் நினைக்கிறாள்.

போன வாரம் உன் மகள் வந்தாள். உன் உயரம். நீ நிற்கிற இடத்திலேயே வாசலுக்கு வெளியில் நின்றாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் அந்த அங்கி.

"இந்த வருசம் நான்தான் ஆண்ட்டி மூணாவது ராஜா. இடது கை மட்டும் குட்டையா கீது."

"அப்பவே யார்கிட்டயாச்சும் குடுத்து மாத்தியிருக்கலாமே" என்றேன். என் வாய் அப்படித்தான்.

"அம்மா வுடல ஆண்ட்டி. யார்கிட்டயும் குடுக்காத, அவளே ஒரு நாளு கேட்டு வாங்கினு போயி மாத்திக் குடுப்பா, அப்டின்னு சொல்லினே இருந்துச்சி."

அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். உன்னை ஒரு தடவைகூட அப்படி உட்காரவைத்ததில்லை.

அவள் போன பிறகு கையைப் பிரிக்க உட்கார்ந்தேன். கையோரத்தில் உன் ஊசித் தையல், கோணல்மாணலாக இருந்தாலும் கெட்டி. ஒவ்வொன்றாக அறுத்து மடிப்பை விரித்தேன். வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கையில், உள்மடிப்பின் மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. வெளுத்திருந்தது, ஆனாலும் மஞ்சள்தான்.

நான் வைத்ததல்ல. உங்கள் வீட்டில் வைப்பதும் இல்லை. தினமும் எண்பது பிள்ளைகளுக்கு அரிசி களைந்தவளுக்குக் கஞ்சி வாசனை தெரியாமலா போகும்? மோந்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய், உன் பாஸ்டருக்குத் தெரியாமல், உனக்கு நம்பிக்கையே இல்லாத மஞ்சளை நீயே வைத்து, உள்ளே மடித்துத் தைத்திருக்கிறாய். பயம் உனக்கு இல்லை, எனக்குத்தான் என்பதை நீ மறக்கவில்லை. இது தெரிந்தால் என் நெஞ்சு லேசாகும் என்று யாராவது சொல்லலாம். லேசாகவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஏழு மாசம், நான் கேட்டு வாங்குவேன் என்று நீ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

அந்தக் கையோரத்தைப் பொட்டோடு வெட்டி எடுத்து மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் துவைக்க மாட்டேன்.

சற்று முன் நாத்தனார் கேட்டபோது நான் வாளிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தேன். நிமிர்ந்து, "என்கூட வேல பாத்த அக்கா பொண்ணுக்கு. காலனியில கீறா. அவங்க அம்மா போட்ட அங்கி, கை மாத்தணும்" என்றேன். அவள் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். "தண்ணிய மாத்து, கஞ்சி எறங்கிடுச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தானா நான் அத்தனை பயந்தேன்?

முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது ஊற்றும்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா என்று சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் பழகி, உன்னை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. கேட்க நீ இல்லை.