சத்திரத்துக் கதவு திறக்காத ஆடிக்கிருத்திகை

திருத்தணி
14-9-2001

அன்பு மகள் காமேஸ்வரிக்கு நைனா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மஸ்கட்ல நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுகினு இருக்கேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு நல்லாத்தான் இருக்கோம், மனசுதான் சரியில்லை. உன் மாமா கஜபதி போன்ல சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான் உட்கார்ந்து எழுதறேன்.

நம்ம யாத்திரிகர் தர்ம சங்கத்துக்கு இந்த வருஷம் எழுபத்தஞ்சு வயசு. துணிக்கடைக்காரங்களும் பூக்கடைக்காரங்களும் சேர்ந்து மலையடிவாரத்துல சத்திரம் கட்டி, வர்றவங்களுக்குக் கூழும் தண்ணியும் ஊத்தின சங்கம், உனக்கே தெரியும். மாமாதான் இப்போ தலைவர். விழா மலருக்கு சங்கத்தோட வரலாறு எழுதித் தாங்க பாவான்னு கேட்டார், நானும் சந்தோஷமா பழைய தீர்மான நோட்டெல்லாம் எடுத்துகினு வந்து படிச்சேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து நாலாம் வருஷத்து நோட்டுல, ஆடிக்கிருத்திகை சமயம் காலரா, மணவூர் பக்கத்துக் கூலிக்காரங்க வாசல்ல விழுந்து கிடக்காங்க, கதவைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம். கீழே அஞ்சு கையெழுத்து, அதுல ஒண்ணு எங்க நைனா, உன் தாத்தாவோடது. அடுத்த வாரக் குறிப்புல ஒன்பது பிணத்தை வண்டியில ஏத்தி அனுப்பியாச்சுன்னு ஒரே வரி. யார் பேரும் இல்லை. சத்திரத்தைப் பெருக்கற மணியம்மைக்கு மணவூர்தானேன்னு ஞாபகம் வந்து போய் விசாரிச்சேன். அவங்க துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காம, ஆங், அப்போ எனக்கு ஏழு வயசுங்க, ஜன்னல் வழியா தண்ணி ஊத்தினாங்க, கதவு மட்டும் திறக்கலை, எங்கம்மா கன்னியம்மா இந்தப் படியிலதான் செத்துச்சுன்னு சொன்னாங்க. இத்தனை வருஷமா அந்தப் படியைத்தான் பெருக்கிகினு இருக்காங்க காமு.

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். மாமா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு, செத்துப்போன பெரியவங்க மானத்தை ஏன் வாங்கறீங்க பாவான்னு கேட்டார். எனக்குப் பொறுக்கலை. விழா அன்னைக்கு மேடையேறி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். பொய் இல்லைன்னு காட்ட மணியம்மை பேரையும் சொன்னேன், அதுதான் நான் செஞ்ச தப்பு. மைக்கை நிறுத்திட்டாங்க. மறுநாளே அவங்களை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அவங்க வீட்டுக்கு ஓடினேன். அவங்க கத்தலை, திட்டலை, என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமேங்க, இந்த வயசுல நான் எங்கே போவேன்னு மட்டும் கேட்டாங்க. அம்மா கொடுத்தனுப்பின அரிசியையும் தொடலை.

நேத்து மாமா கடைக்குப் போய் நின்னேன். மேடையில பேசினது அத்தனையும் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அந்தம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கறேன்னார். போட்டுக் கொடுத்துட்டேன். இன்னைக்குக் காலையில ரோட்டுல நின்னு பார்த்தேன், பெருக்கிகினு இருந்தாங்க. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிகினாங்க.

எழுதிக் கொடுத்ததுதாம்மா பொய், மேடையில சொன்னது நிஜம். உனக்காவது அது தெரிஞ்சிருக்கட்டும். மாமா போன் பண்ணா எதிர்த்துப் பேசாதே, அம்மாவுக்குன்னு இருக்கற கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். குழந்தைக்குத் தண்ணியைக் காய்ச்சி ஆறவெச்சே கொடு, மறக்காதே. நீங்க மூணு பேரும் குறைவில்லாம நல்லா இருக்கணும், முருகன் பார்த்துக்குவான்.

இப்படிக்கு,
உன் நைனா,
குருநாதன்