தூங்கியவளின் கட்டைவிரல்

என் வீட்டுக்காரருக்கு,

கண் ஆபரேஷன் முடிந்து நான் மாத்திரை மயக்கத்தில் தூங்கியபோது, என் கட்டைவிரலை எடுத்து என் போனில் அழுத்தி, நான் வாங்கி வைத்திருந்த ஏஐ கம்பெனிப் பங்குகள் அத்தனையையும் விற்றுவிட்டீர்கள். இதற்குப் பெயர் திருட்டு.

"ஏஐ பங்கு வச்சிருக்கிற பெரிய பணக்காரங்களே விக்கிறாங்கம்மா, இந்த விலையெல்லாம் வெறும் குமிழி, வெடிக்கப் போகுது. அப்பா உன்னைக் காப்பாத்தியிருக்காரு" என்றான் மகன், போனில்.

"காப்பாத்தினவரு எதுக்குடா அன்னைக்கே உன் வீட்டுக்கு ஓடி வந்தாரு?" என்றேன்.

தையல் மிஷினை மிதித்தபடியே செய்தி கேட்டுப் பங்குச் சந்தையைப் படித்தவள் நான். அந்தப் பணக்காரர்கள் விற்றது தங்களிடம் இருப்பதில் ஒரு துண்டு. வரி கட்ட விற்றிருப்பார்கள், இன்னொரு மாளிகை வாங்க விற்றிருப்பார்கள், பயந்தும் விற்றிருப்பார்கள். யார் கண்டது? மிச்சத்தை இன்னும் கையில்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

குமிழியாகவே இருக்கலாம். நானும் யோசிக்காமல் இல்லை. வெடித்தால் என் கையில் வெடித்துவிட்டுப் போகட்டும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டம்மா வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள். பாதி கன்னத்தில் விழுகிறது.

இனி மகன் எனக்குப் புத்தி சொல்வதை நிறுத்த வேண்டும். மருமகள் உங்கள் துணிகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். நான் போன் பூட்டை மாற்றிவிட்டு, நாளைக்கே அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, என் கண்ணில் மருந்து விட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

கோபம் தீராத,
உங்கள் மனைவி